கையில் கிங்ஸ், தரையில் ஏஸ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

அல்சூர் ஆந்தை:
மூன்று வாரம் ஆகிவிட்டது. இன்னும் படுத்தால் அந்த போக்கர் கைதான் கண்ணில் நிற்கிறது. கோரமங்களாவில் நண்பன் வீடு, சனிக்கிழமை ராத்திரி, 25-50 பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இரண்டு பேர் கட்டாயமாக வைக்கிற பணம்; 25 வைப்பவர் சின்ன பிளைண்ட், 50 வைப்பவர் பிக் பிளைண்ட்). பட்டனுக்கு, அதாவது சீட்டுப் போடுபவர் இடத்துக்கு, முந்தின இடத்தில் நான். இஸ்பேட் ராஜா, ஆட்டின் ராஜா. 150க்கு ஏற்றினேன். பிக் பிளைண்டில் இருந்தவர் அன்றைக்குத்தான் முதல்முறை வருகிறார். வந்ததிலிருந்து மூன்று கைக்கு இரண்டு கை ஏற்றிக்கொண்டே இருந்தார். 500 என்றார். ஆள் ஓடிவிடக் கூடாதே என்று மேலே ஏற்றாமல், அவர் சொன்னதை மட்டும் கொடுத்து வெறும் கால் (call) போட்டேன். சின்ன பிளைண்ட் முன்னாலேயே ஒதுங்கிவிட்டார்.

ஃப்ளாப் (எல்லாருக்கும் பொதுவாகத் தரையில் விரிக்கிற முதல் மூன்று சீட்டு): கிளாவர் ஏஸ், டைமன் ஏழு, இஸ்பேட் இரண்டு. 600 அடித்தார், கொடுத்தேன். டர்ன், அதாவது நாலாவது சீட்டு, ஒன்பது. அவர் யோசிக்கவே இல்லை, 1500. நான் கவிழ்த்து விலகிவிட்டேன். சீட்டை யாருக்கும் காட்டவில்லை. அவர் சிப்ஸை ஒரு கையால் இழுத்துக்கொண்டே, இன்னொரு கையில் இருந்த கோடுபளே முறுக்கைக் கடித்தபடி, என்னைப் பார்க்காமலேயே கேட்டார்: "கிங்ஸ் இத்தா?" கிங்ஸ் இருந்ததா என்று கன்னடத்தில்.

அவரிடம் ஏஸ் இருந்ததா இல்லையா என்பது எனக்கு வேண்டாம். எப்படிக் கண்டுபிடித்தார்?

மெஜஸ்டிக் மச்சான்:
கிங்ஸ் வந்ததே பாக்கியம் தலைவா. எனக்கு ஜாக்ஸ். கோவா போயிருந்தோம், மாண்டவி ஆற்று கேசினோ கப்பலில். எதிரே ஒரு பையன், எது வந்தாலும் மொத்தத்தையும் தள்ளுகிற ரகம். ஃப்ளாப்பில் பத்து, எட்டு, மூன்று. தள்ளினான், நானும் தள்ளினேன். திருப்பினால் எட்டு, நாலு! ரிவரில், அதாவது கடைசி ஐந்தாவது சீட்டில், நாலு விழுந்தது. எழுந்து வந்து என் தோளில் கை வைத்து "சாரி அண்ணா" என்றான். காசு போனதுகூடப் பரவாயில்லை, அந்தக் கை இருக்கிறதே... பெங்களூரு வரும்வரை பஸ்ஸில் தூங்கவில்லை.

பாட் ஆட்ஸ் பரமன்:
ஆந்தை, கவிழ்த்தது தப்பு. அதற்கு முன்னாலேயே தப்பு. அவர் 500 என்றதும் நீங்கள் 1200க்காவது ஏற்றியிருக்க வேண்டும். அந்த மாதிரி ஆள் பத்து-ஒன்பது வைத்துக்கொண்டும் 500 போடுவார், அந்தக் காசை உள்ளே வாங்காமல் விட்டீர்கள். கிங்ஸ் வைத்திருந்தால் ஃப்ளாப்பில் ஏஸ் விழுவது நூற்றுக்குச் சுமார் 23 தடவை. அதற்குப் பயந்தால் கிங்ஸ் ஆடவே முடியாது. சரி, விழுந்துவிட்டது. டர்னில் பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், என்ன? ஃப்ளாப்புக்கு முன் 1025 (இரண்டு 500, சின்ன பிளைண்டின் 25), அதோடு இரண்டு 600, அவருடைய 1500. மொத்தம் 3725. அதை எடுக்க நீங்கள் 1500 கொடுக்கிறீர்கள். உங்கள் 1500ஐயும் சேர்த்தால் 5225, ஆக நூற்றுக்கு 29 தடவை நீங்கள் ஜெயித்தால் போதும். ஏஸ் ஒன்று தரையில், ராஜா இரண்டு உங்கள் கையில். அவரிடம் ஏஸ் ஜோடி அமைய 3 வழி, ஏஸ்-கிங் அமைய 6 வழி. ஏஸ்-குயின் 12 வழி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்றில் இரண்டு கை ஏற்றுகிறவரிடம் வெறுங்கை இதைவிட எவ்வளவு அதிகம்? ரிவரில் மறுபடி அடிப்பார் என்பீர்கள். அதை ரிவரில் யோசிக்கலாம். முதலில் கை எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும், அப்புறம் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஆடக் கூடாது, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உட்காரவும் கூடாது.

எனக்கும் ஒருமுறை குயின்ஸ். இதே மாதிரி ஆள், இதே மாதிரி ஏஸ். கால் போட்டேன். ஏஸ் வைத்திருந்தான். அது வேறு கதை.

மெஜஸ்டிக் மச்சான்:
அது என்ன வேறு கதை பரமன் சார்? அதே கதைதானே? 29 கணக்கு அன்றைக்கு லீவா?

பாட் ஆட்ஸ் பரமன்:
ஒரு கையின் முடிவை வைத்துப் பேசுகிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எட்டு-நாலிடம் நீங்கள் தோற்றதும் சரியான ஆட்டம்தான், போய்த் தூங்குங்கள்.

ஏர்போர்ட் ரோடு அக்கா:
நான் ஜெயித்த கை ஒன்று சொல்லவா? அதுதான் எனக்கு உறுத்துகிறது. 2025 ஆகஸ்டில் ஆன்லைனில் காசு வைத்து ஆடுவதைத் தடுக்கும் சட்டம் வந்து ஆப்பெல்லாம் போன பிறகு வீட்டு ஆட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஒருத்தர் விடாமல் அடிப்பார். எனக்கு ஏஸ் ஜோடி. ஃப்ளாப்பில் பணம் வைக்காமல் செக், டர்னில் செக், அவர் அடிக்க அடிக்க நான் தயங்குகிற மாதிரி கால். ரிவரில் மொத்தத்தையும் வைத்தார், வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி இரண்டு மணி, ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. அவரே ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டார். தொம்லூர் பாலம் தாண்டும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. முருகேஷ்பாளையத்தில் இறங்கும்போதுதான் கேட்டார், "ஏங்க, அவ்வளவு நேரம் யோசிச்சீங்களே, அது நடிப்பா?" ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அல்சூர் ஆந்தை:
அக்கா, உங்கள் கதை பிரமாதம். பரமன் சார், கணக்குக்கு நன்றி. ஆனால் நான் கேட்டது அது இல்லை. அவருக்கு எப்படித் தெரியும்? குயின்ஸ் என்றோ ஜாக்ஸ் என்றோ கேட்கவில்லையே!

ஏர்போர்ட் ரோடு அக்கா:
தம்பி, ஒன்று கேட்கிறேன். ஃப்ளாப்பில் ஏஸ் விழுந்ததும் உங்கள் சீட்டை மறுபடி தூக்கிப் பார்த்தீர்களா?

அல்சூர் ஆந்தை:
பார்த்தேன். டர்னிலும் பார்த்தேன்.