ஆட்டோ பாபின் வைண்டர்ல நூல் கட் ஆகல, பிளேடு புதுசுதான். அவசரம்

நூல்முனை
வணக்கம். தையல் மெஷின் பாபின்ல தானா நூல் சுத்துற மெஷின் ஓட்டுறேன். பாபின் நிறைஞ்சதும் நூல் ஒழுங்கா கட் ஆக மாட்டேங்குது. பத்துக்கு மூணு நாலு தடவை அறுபடாம பழைய பாபினோடவே இழுத்துட்டுப் போகுது. இல்லேன்னா பிசிறா அறுந்து, அடுத்த பாபின்ல முனை பிடிக்கிறதில்ல. பிளேடு புதுசு மாத்தியாச்சு, அப்பவும் அதே கதை. வேலை நிக்குது, தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்பிண்டில்44
என்ன நூல்? குட்டை இழை முறுக்கின ஸ்பன்னா, நீள இழை ஃபிலமெண்டா, நடுவுல ஃபிலமெண்ட் வச்சு மேல பஞ்சு சுத்தின கோர்ஸ்பன்னா? கட்டர் கத்திரி மாதிரி ரெண்டு பிளேடா, ஒத்த பிளேடா, சூட்டுக்கம்பியா? அதை இயக்குறது காத்து சிலிண்டரா, மின்காந்த சோலனாய்டா, கேம்மா? இதெல்லாம் சொல்லாம யாரு என்ன சொல்ல முடியும்?

காத்துக்குழாய்
ஏர் பிரஷர்தான், வேற எதையும் தொடாதீங்க. கேஜ்ல 6 பார் நிக்குதேன்னு நம்பிடாதீங்க, அது மெஷின் சும்மா இருக்கும்போது காட்டுறது. டாஃபர் (நிறைஞ்ச பாபினைக் கழட்டுற அமைப்பு) சிலிண்டர் நகரும்போது முள்ளைப் பாருங்க. 3 வரைக்கும் சரிஞ்சு திரும்ப ஏறினா கட்டருக்குப் போதுமான காத்து வரலன்னு அர்த்தம். 10 மி.மீ. போர் (உள் விட்டம்) சிலிண்டர் 5 பார்ல சுமார் 39 நியூட்டன் தள்ளும், 3 பார்ல 24தான். ராடு உள்ள போகும்போது வெட்டுற அமைப்புன்னா இன்னும் குறைச்சல், 4 மி.மீ. ராடு அந்தப் பக்கப் பரப்புல ஆறுல ஒரு பங்கைத் தின்னுடும். ஃபில்டர் கிண்ணத்துல தண்ணி நிக்குதா, குழாய் எங்கயாவது மடங்கியிருக்கான்னும் பாருங்க.

பழைய_ஃபிட்டர்
"பிளேடு புதுசு மாத்தியாச்சு"ன்னு ஆரம்பிக்கிற கேள்விக்கு இங்க பஞ்சமே இல்ல. நூல் வெட்டலேன்னா பிளேடை மாத்துறது, பிளேடு மாத்தியும் வெட்டலேன்னா இங்க வந்து கத்துறது. நடுவுல மேனுவல்னு ஒண்ணு இருக்கு, அதைத் திறந்து பார்க்கிற பழக்கம் யாருக்கும் இல்ல. தம்பி, புது பிளேடு எங்க வாங்கினது? பழசோட பக்கத்துல வச்சு அளந்து பார்த்தீங்களா?

மின்பலகை
மெக்கானிக்கல் ஆளுங்க எல்லாம் பிளேடையே பார்க்கிறீங்க. கட்டர் சிலிண்டர்ல இருக்கிற ரீட் சுவிட்சைப் பாருங்க. ஸ்ட்ரோக் (ராடு நகர்ற தூரம்) 10 மி.மீ., 15 மி.மீ.ன்னு குட்டியா இருக்கும், ஆனா ரீட் சுவிட்ச் காந்தத்தை சில மி.மீ. முன்னாடியே உணர்ந்துடும். சுவிட்ச் கொஞ்சம் நழுவியிருந்தா முக்கால் ஸ்ட்ரோக்லயே "வெட்டியாச்சு"ன்னு பிஎல்சிக்கு (மெஷினை ஓட்டுற கண்ட்ரோலருக்கு) சிக்னல் போய், பிளேடு முழுசா மூடுறதுக்குள்ள திரும்பிடும். கையால ராடைக் கடைசி வரைக்கும் தள்ளிட்டு சுவிட்ச் எல்இடி எங்க எரியுதுன்னு பாருங்க. ராடு முட்டுறதுக்கு ரொம்ப முன்னாடியே எரிஞ்சா நகர்த்தி வைங்க.

நூல்முனை
நூல் பாலியெஸ்டர் ஃபிலமெண்ட் 120/2. முன்னாடி ஸ்பன் ஓடுச்சு, அப்ப ஒண்ணும் இல்ல. கட்டர் ரெண்டு பிளேடு, சிலிண்டர். பிரஷர் 5.5. எல்இடி பார்த்தேன், கடைசியிலதான் எரியுது.

காத்துக்குழாய்
5.5 நிக்கும்போதா, ஓடும்போதா? அதைத்தானே கேட்டேன்.

ஊடைத்தார்
ஸ்பன்ல இருந்து ஃபிலமெண்டுக்கு மாறினதை முதல் வரியிலயே எழுதியிருக்கணும் சார், பாதி விடை அதுலயே இருக்கு.

ஸ்பன் நூல் குட்டை இழைகளால ஆனது. பிளேடு சரியா வெட்டாம மென்னு துப்பினாலும், அடுத்த இழுப்புல இழைகள் ஒண்ணை விட்டு ஒண்ணு வழுக்கி நூல் அறுந்துடும். கட்டர் வேலை செய்யுதுன்னு நாம நினைச்சுக்குவோம். ஃபிலமெண்ட்ல இழை ஒரே நீளமா ஓடுது, அறுக்காம விட்ட ஒவ்வொரு இழையும் பாரம் தாங்கும். 120/2 நூல் மொத்தமே சுமார் 0.2 மி.மீ. தடிமன். அதுக்குள்ள இருக்கிற தனி இழை, வழக்கமான 3 டெனியர் பருமன்னா 0.02 மி.மீ.க்கும் கீழ. ரெண்டு பிளேடுக்கும் நடுவுல 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற தகடு) நுழையுற இடம் இருந்தா, அந்த இழை வெட்டுப்படாம உள்ள மடிஞ்சு படுத்துக்கும். பிளேடு எவ்வளவு கூரா இருந்தாலும் அதுக்குக் கவலையே இல்ல.

அதனால பிளேடைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வெட்டுப்பட்ட நூல் முனையைப் பாருங்க. 10 மடங்கு லென்ஸ் போதும். நூல் நசுங்கித் தட்டையாகி மடிஞ்ச தடம் மட்டும் தெரிஞ்சா பிளேடுகளுக்கு நடுவுல இடைவெளி. பெரும்பகுதி நேரா வெட்டுப்பட்டு நாலஞ்சு இழை மட்டும் நீண்டு நின்னா ஸ்ட்ரோக் முடியல, இல்ல பிளேடோட நுனிப்பக்கம் மட்டும் விலகுது. நூல்ல தடமே இல்லேன்னா நூல் பிளேடு வாய்க்குள்ளயே வரல, அது கைடு இல்லேன்னா தொய்வுப் பிரச்சினை. வெட்டு சுத்தமா இருந்து முனை மட்டும் குஞ்சம் மாதிரி பிரிஞ்சா கட்டர் மேல குத்தம் இல்ல, பிணைப்பு பூசாத ஃபிலமெண்டோட குணம் அது. நூலைப் பிடிக்கிற கிளாம்பை வெட்டுற இடத்துக்குக் கிட்ட கொண்டுவந்து பிரியுற நீளத்தைக் குறைக்கணும்.

அடுத்தது கை சோதனை. மெயின் ஆஃப் பண்ணினா மட்டும் போதாது, காத்தையும் வெளியேத்திடுங்க. சிலிண்டருக்குள்ள மிச்சம் இருக்கிற அழுத்தமே விரல் நுனியை வாங்கிடும். நூலை ரெண்டு பக்கமும் விறைப்பாப் பிடிச்சுக்கிட்டு பிளேடை மெதுவா கையால மூடுங்க. அடிப்பக்கம், நடு, நுனின்னு மூணு இடத்துலயும் வெட்டிப் பாருங்க. கையாலயே வெட்டலேன்னா பிளேடு அமைப்பு. கையால வெட்டி ஆட்டோல வெட்டலேன்னா நேரக் கணக்கு, இல்ல நூல் தொய்வு. இந்த ரெண்டுல எதுன்னு தெரியுற வரைக்கும் எந்த ஸ்க்ரூவையும் தொடாதீங்க.

சூட்டுக்கம்பி
எதுக்கு இவ்வளவு தலைவலி? பாலியெஸ்டர்தானே, நைக்ரோம் சூட்டுக்கம்பி போடுங்க. பிளேடு கிடையாது, இடைவெளி கிடையாது, சாணை கிடையாது. முனையும் உருகி மூடிக்கும், பிசிறே வராது. 260 டிகிரியில பாலியெஸ்டர் உருகிடும்.

ஊடைத்தார்
உருகின முனையில ஒரு மணி உருண்டு நிக்கும். அது பாபினோட வெளி முனை. தைக்கிறவர் நூலை பாபின் கேஸ் ஸ்பிரிங்குக்கு அடியில இழுக்கும்போது அந்த மணி சிக்கும்.

சூட்டுக்கம்பி
நூல் கோக்கும்போது முனையைக் கத்தரிக்கத்தானே போறாங்க. அப்புறம் என்ன மணி?

ஸ்பிண்டில்44
எல்லாரும் கத்தரிக்கிறதில்ல. பாபினை அப்படியே கேஸ்ல போட்டு இழுக்கிறவங்கதான் அதிகம்.

பழைய_ஃபிட்டர்
மணியை விடுங்கப்பா. பஞ்சு பறக்கிற இடத்துல சிவந்த கம்பியை வைக்கச் சொல்ற யோசனைக்குத்தான் மாலை போடணும். கம்பி மங்கலாச் சிவந்தாலே 500 டிகிரியைத் தாண்டிடுச்சு, பருத்திப் பஞ்சு அதுக்கு ரொம்ப முன்னாடியே பத்திக்கும். நாளைக்கு இதே மெஷின்ல பருத்தி சுத்தின கோர்ஸ்பன் ஓட்டினா பருத்தி உருகவும் செய்யாது, கருகித் தூளாகும். அராமிட்ங்கிற சூடு தாங்குற இழைன்னா அதுவும் நடக்காது.

சூட்டுக்கம்பி
சிவக்க விடச் சொல்லி யார் சொன்னா? மின்னழுத்தத்தைக் குறைச்சு கறுப்பாவே வச்சு ஓட்டலாம். வெட்டுற நேரத்துக்கு மட்டும் கரண்ட் குடுத்தா போதும். ஃபிலமெண்ட் மட்டுமே ஓட்டுற மெஷினுக்கு இதைவிட நல்லது இல்ல, இதை எங்க வேணாலும் சொல்லுவேன்.

மின்பலகை
கறுப்பா வச்சு வேகமா வெட்டணும்னா கம்பி நூலைத் தொட்டு நிக்கிற நேரம் கூடணும். அவர் மெஷின் சைக்கிள்ல அந்த நேரம் இருக்கான்னு தெரியாது. தவிர உருகின பிசின் கம்பியில ஒட்டிக் கருகி, கம்பி அங்கங்க மெலிஞ்சு அறுந்துபோகும். பிளேடுக்கு சாணைன்னா இதுக்குக் கம்பி மாத்தணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

நூல்முனை
லென்ஸ்ல பார்த்தேன். நசுங்கி மடிஞ்சிருக்கு. கையால அடிப்பக்கம் வெட்டுது, நுனியில வெட்டல. பிளேடு தடிமன் வெர்னியர்ல பழசு 1.5, புதுசு 1.2. அதான் காரணமா?

பழைய_ஃபிட்டர்
கேட்ட முதல் கேள்விக்கு இப்பதான் பதில் வருது. அதேதான்.

உங்க நகரும் பிளேடோட பிவட்ல (சுழலுற அச்சுல) ஒரு அலை வாஷர், அதுக்கு மேல நைலான் பூட்டு நட்டு இருக்கும். வாஷர் அமுங்கி நின்னாத்தான் ஒரு பிளேடு இன்னொண்ணு மேல சாஞ்சு உரசும். பிளேடு 0.3 மி.மீ. மெலிஞ்சா வாஷர் அவ்வளவும் விரிஞ்சுடும், அழுத்தம் போச்சு. அடிப்பக்கம் பிவட்டுக்குக் கிட்ட இருக்கிறதால அங்க வெட்டும், நுனி ஆடும். வெறும் நட்டை இறுக்கிச் சமாளிக்கப் பார்க்காதீங்க, நட்டோட மரை தீர்ந்துபோய் மட்டமா உட்காரும், இல்ல பிளேடு இறுகிப்போய் சிலிண்டர் திணறும்.

0.3 மி.மீ. ஷிம் (மெல்லிய இடைத்தகடு) ஒண்ணு வெட்டி நட்டுப் பக்கம், நகரும் பிளேடுக்குப் பின்னாடி போடுங்க. ரெண்டு பிளேடுக்கும் நடுவுல போட்டீங்கன்னா இடைவெளியை இன்னும் கூட்டி வச்சவங்க ஆவீங்க, அப்படிப் போடுற ஆளுங்களும் இருக்காங்க. அப்புறம் நட்டைப் பிளேடு இறுகுற வரைக்கும் திருப்பி, அங்கிருந்து அரைக்கால் சுத்து தளர்த்துங்க. எம்4 நட்டு ஒரு சுத்துக்கு 0.7 மி.மீ. நகரும். அலை வாஷர் இல்லாம சாதா வாஷர் போட்டு ஓட்டினா, கால் சுத்து தளர்ந்தாலே 0.17 மி.மீ. இடைவெளி, கிட்டத்தட்ட உங்க நூல் தடிமன். பழைய பூட்டு நட்டையே திரும்பப் போடாதீங்க, நைலான் பிடிப்பு விட்டிருக்கும்.

ஊடைத்தார்
அதோட ஒண்ணு. மூடின நிலையில ரெண்டு பிளேடையும் பக்கவாட்டுல வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாருங்க. நுனி தொட்டுக்கணும், நடுவுல மெல்லிசா ஒரு வெளிச்சக் கீத்து தெரியணும். மெதுவாத் திறந்தா தொடுற புள்ளி அடியை நோக்கி நகரணும். நடுவுலயும் முழுசா ஒட்டிப் படிஞ்சா அந்த பிளேடுல வளைவு இல்ல, தட்டையா அறுத்து வித்திருக்காங்க, ஷிம் போட்டாலும் ஃபிலமெண்டுக்கு ரொம்ப நாள் தாங்காது. சாணை பிடிக்கிறதுன்னா சரிவுப் பக்கம் மட்டும். ஒண்ணோட ஒண்ணு உரசுற முகத்துல கல்லை வச்சுத் தேய்ச்சா அந்த வளைவு போயிடும்.

காத்துக்குழாய்
பிளேடை இறுக்கினதும் சிலிண்டருக்கு பலம் கூடத் தேவைப்படும். இப்பவாவது முள்ளைப் பாருங்க.

நூல்முனை
ஷிம் போட்டாச்சு. வளைவு இருக்கு. கையால மூணு இடத்துலயும் சுத்தமா வெட்டுது. ஆட்டோல நல்லாக் குறைஞ்சிருக்கு, ஆனா அப்பப்ப ஒண்ணு விடுது. விட்ட நூல்ல தடமே இல்ல. முள் 4.8க்கு இறங்குது.

காத்துக்குழாய்
4.8 போதும். என் பக்கம் பிரச்சினை இல்ல.

மின்பலகை
தடமே இல்லேன்னா நூல் தொய்ஞ்சு பிளேடு வாய்க்கு வெளிய தொங்குது. ஸ்பிண்டில் நின்னதும் டென்ஷன் டிஸ்க் (நூலை விறைப்பா அமுக்கிப் பிடிக்கிற தட்டு) எப்ப திறக்குதுன்னு பாருங்க. டாஃபருக்கு நூல் விட்டுக்குடுக்கணும்னு சில புரோகிராம்ல ஸ்பிண்டில் நின்ன உடனே டிஸ்க்கைத் தூக்கிடுவாங்க. ஸ்பன் நூல் மயிரோட இருக்கிறதால கைடுல ஒட்டி நிக்கும், ஃபிலமெண்ட் வழுக்கித் தொய்ஞ்சிடும். வரிசை இப்படி இருக்கணும்: ஸ்பிண்டில் நிக்கணும், கிளாம்ப் மூடணும், கட்டர் போய் வெட்டித் திரும்பணும், அதுக்கப்புறம் டிஸ்க் திறக்கணும். கிளாம்புக்கும் கட்டருக்கும் நடுவுல 100 மில்லிசெகண்ட்ல தொடங்கிப் பாருங்க, கிளாம்ப் சிலிண்டர் மந்தம்னா 150. மொபைல்ல ஸ்லோமோஷன் வீடியோ எடுத்தா எது முந்துதுன்னு தெளிவாத் தெரியும்.

ஊடைத்தார்
கிளாம்ப் முகத்தையும் தடவிப் பாருங்க. நூல் ஓடி ஓடி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், ஃபிலமெண்ட் அதுக்குள்ள சறுக்கும். பள்ளம் இருந்தா பேடைத் திருப்பிப் போடுங்க இல்ல மாத்துங்க. பள்ளம் இல்லேன்னாலும் நூல் எண்ணெய் படிஞ்சு வழவழன்னு இருக்கும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச துணியால துடைச்சாலே பிடிப்பு வரும். பிடிக்கிறதுக்கு கிளாம்ப் ஸ்பிரிங்கை இறுக்கிடாதீங்க, நூல் நசுங்கி அடுத்த பாபினோட உள் சுத்துல பலவீனமாப் போகும்.

சூட்டுக்கம்பி
ஷிம், வாஷர், டைமர், ஆல்கஹால்... கம்பி போட்டிருந்தா இந்நேரம் ஓடிட்டிருக்கும்.

பழைய_ஃபிட்டர்
ஓடிட்டிருக்கும், தீயணைப்பு வண்டியும் பின்னாடியே ஓடி வந்திருக்கும்.

கோன்வைண்டர்
நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும், எனக்கும் இதே கட்டர்தான். நைலான் மோனோஃபிலமெண்ட் (ஒத்தை இழை நூல்) 0.12 மி.மீ. வெட்டுது, ஆனா வெட்டின உடனே முனை சுருண்டு தெறிச்சு கிளாம்பை விட்டு வெளிய வந்துடுது. இதுவும் பிளேடு இடைவெளியா?

ஊடைத்தார்
இல்ல. மோனோ நூல் கோன்ல சுத்தியிருந்த வளைவை ஞாபகம் வச்சுக்கும், டென்ஷன் விட்ட கணமே சுருளும். வெட்டுற நேரத்துல டென்ஷனைக் குறைங்க, கிளாம்புக்கும் பிளேடுக்கும் நடுவுல நீட்டிக்கிட்டு இருக்கிற நீளத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு குறைங்க. தட்டை பேடுக்கு பதிலா மெல்லிய நைட்ரைல் ரப்பர் ஒட்டின பேடு நல்லாப் பிடிக்கும்.

நூல்முனை
டிஸ்க் முன்னாடியே திறந்துச்சு. வரிசையை மாத்தினேன். ஓடுது. எல்லாருக்கும் நன்றி.

ஸ்பிண்டில்44
டைமர் கடைசியா எவ்வளவு வச்சீங்க? கிளாம்ப் பேடு மாத்தினீங்களா, துடைச்சதோட விட்டீங்களா? ஃபிலமெண்ட்ல அடுத்து மாட்டுறவங்களுக்கு உதவும்.

மின்பலகை
அவர் போயிட்டாரு. வேற யாராவது முயற்சி பண்ணினா ஒண்ணு கவனிங்க: டிஸ்க் திறக்கிறதை டைமர்ல மட்டும் நம்பி வைக்காதீங்க, கட்டர் திரும்பி வந்த சுவிட்சோட கோத்து விடுங்க. என்னிக்காவது காத்து குறைஞ்சு கட்டர் மெதுவாப் போனாலும் டிஸ்க் காத்திருக்கும்.

காத்துக்குழாய்
காத்து குறைஞ்சா... நான் அதைத்தானே முதல்லயே சொன்னேன்.