சதுப்பு நிலத்தில் வெண்கல வாளை ஏன் போட்டார்கள்?

கேள்வி: இங்கிலாந்து, அயர்லாந்தின் பீட் (மட்கிய தாவரங்கள் படிந்த மண்) சதுப்புகளில் வெண்கல வாளும் ஈட்டிமுனையும் நிறைய கிடைத்திருக்கின்றனவே, எல்லாம் யாரோ தவறவிட்டவையா? வெண்கலம் செய்யச் செம்பும் வெள்ளீயமும் எங்கிருந்தோ வரவேண்டிய காலத்தில் இவ்வளவு பொருளையா தொலைப்பார்கள்?

பதில் 1: தவறவிட்டது என்று எல்லாவற்றையும் சொல்ல முடியாது. 1988-இல் இங்கிலாந்தில் நார்ஃபோக்கின் ஆக்ஸ்பரோவில் ஒருவர் நடந்து போகும்போது காலில் இடறியதே, அந்தக் குத்துவாளைப் பாருங்கள்: சுமார் 70 செ.மீ. நீளம், 2.3 கிலோவுக்கு மேல் எடை, விளிம்பு கூர்தீட்டப்படவில்லை, பிடி பொருத்த ரிவெட் (தறையாணி) துளையே கிடையாது, அதுவும் பீட் மண்ணில் முனை கீழாகச் செங்குத்தாக நின்றிருந்தது. சண்டைக்குச் செய்ததே இல்லை, காணிக்கைதான் என்பது என் கருத்து. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

கேட்டவர்: அப்படியானால் இது ஒன்றுதானா?

பதில் 1: இல்லை, இதையும் சேர்த்து இதே வகையில் ஆறு தெரியும், நெதர்லாந்து, பிரான்ஸிலும் உண்டு. நார்ஃபோக்கிலேயே ரடமில் உழும்போது கிடைத்த இன்னொன்றை வேண்டுமென்றே வளைத்திருக்கிறார்கள். அது என்னவென்று தெரியாமல் பல வருடம் கதவுக்கு முட்டாக வைத்திருந்தார்கள்!

பதில் 2: வாளை மட்டும் பார்க்காதீர்கள். அயர்லாந்தில் குளோன்பிரின் சதுப்பில் 1908-இல் தோல் கேடயமே கிடைத்தது, ஈரமும் காற்றில்லாத மண்ணும்தான் அதைக் காத்தன. பிறகு தொல்லியலாளர் ஜான் கோல்ஸ் தோலிலும் உலோகத்திலும் மாதிரிக் கேடயங்கள் செய்து வாளால் வெட்டிப் பார்த்தார். மெல்லிய உலோகக் கேடயம் கிழிந்தது, தோல் தாங்கியது.