கல்லீரல் கட்டி மறைஞ்சிடுச்சுன்னு ரிப்போர்ட், அப்புறம் எதுக்கு எம்.ஆர்.ஐ?

கும்பகோணத்துக்காரி:
அப்பாவுக்கு 63 வயசு. பெருங்குடல் புற்றுநோய்க் கட்டியை (சிக்மாய்டுங்கற கடைசிப் பகுதியில) ஜனவரியில ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. அப்பவே கல்லீரல்ல மூணு இடத்துல பரவியிருந்தது: 28, 9, 7 மி.மீ. நாலு சைக்கிள் கேபாக்ஸ் (ஊசியும் மாத்திரையும் சேர்ந்தது) கீமோ முடிஞ்சது. பச்சைத் தண்ணியில கை வச்சா ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குன்னு சொல்றார், மத்தபடி தெம்பாத்தான் இருக்கார்.

போன வாரம் சி.டி. ஸ்கேன். பெரிசு 17 ஆயிடுச்சு, சின்னது ரெண்டும் "தெரியவில்லை"ன்னு போட்டிருக்கு. நாங்க சாமிக்குத் தேங்காய் உடைச்சிட்டு வந்தா, சர்ஜன் தனி மருந்து போட்டு கல்லீரலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும்கிறார். "மறைஞ்சதை எதுக்குத் தேடணும், காசு பிடுங்கறானுங்க"ன்னு சித்தப்பா ஒரே சத்தம். யாருக்காவது அனுபவம் இருக்கா?

ஸ்கேன்ரூம்_திருச்சி:
தங்கச்சி, நான் பதினோரு வருஷமா எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதை மனசுல வச்சுப் படிங்க.

"தெரியவில்லை" வேற, "இல்லை" வேற. சி.டி.யில நல்ல கல்லீரல் கொஞ்சம் வெளுப்பாவும் கட்டி கருப்பாவும் தெரியும். கீமோவுல கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்தா கல்லீரலே கருத்துடும். கருப்புல கருப்பைத் தேடினா எங்க கிடைக்கும்? அதிலும் 7 மி.மீ.

இந்த எம்.ஆர்.ஐ. மருந்தை நல்ல கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கும். ஊசி போட்டு 20 நிமிஷம் கழிச்சு எடுத்தா கல்லீரல் முழுக்க நிலா மாதிரி வெளுத்திருக்கும். குடல்லேர்ந்து வந்த கட்டியில அந்தச் செல் கிடையாது, ஓட்டை மாதிரி கருப்பா நிக்கும். மானிட்டர்ல அது திடீர்னு தெரியறப்போ எனக்கு இன்னும் வயித்தைப் பிசையும்.

போறதுக்கு முன்னாடி கிரியாட்டினின் (கிட்னிக்கான ரத்த டெஸ்ட்) பார்த்துடுங்க. அப்பாவை வீட்லயே மூச்சை அடக்கிப் பழகச் சொல்லுங்க, 15 செகண்டு போதும். பாதியில விட்டா படம் ஆடிப்போகும்.

முக்கியமா, கீமோவுக்கு முன்னாடி எடுத்த முதல் ஸ்கேனைப் பதிஞ்சு கொடுத்த கம்ப்யூட்டர் தட்டு (டிஸ்க்) வேணும். ஃபிலிம் போதாது. மறைஞ்ச கட்டி எந்த இடத்துல இருந்ததுங்கறதுக்கு அதுதான் வரைபடம்.

மறுபடியும்_நடக்கிறேன்:
நான் இதே வழியில வந்தவன். எனக்கு பெட் ஸ்கேன்ல (சர்க்கரை மாதிரி மருந்தை ஊசி போட்டு, அதை இழுக்கிற கட்டி ஒளிர்றதைப் பார்க்கிற ஸ்கேன்) ஒண்ணுமே ஒளிரல, வீட்ல ஸ்வீட் வாங்கிட்டாங்க. கீமோ முடிஞ்ச கையோட எடுத்தா கட்டியோட செல் மயங்கிக் கிடக்கும், சர்க்கரையை இழுக்காது, அதனால ஒளிராதுன்னு டாக்டர் அப்புறம்தான் சொன்னார். வயித்தைத் திறந்து கல்லீரல் மேலேயே அல்ட்ராசவுண்ட் வச்சுப் பார்த்தப்போ ஒண்ணு இருந்தது. எடுத்துட்டாங்க.

கட்டி இருக்கற பகுதியை ஆபரேஷன்ல வெட்டின பிறகு எவ்வளவு கல்லீரல் மிஞ்சும்னும் கேளுங்க. ஸ்கேன்லயே அளந்து சொல்வாங்க. கீமோ வாங்கின கல்லீரல்னா 30 சதவீதமாவது மிஞ்சணும்னு எனக்குச் சொன்னாங்க. குறைஞ்சா, வெட்டப்போற பக்கத்து ரத்தக்குழாயை முதல்ல அடைச்சு மத்த பக்கத்தை வளர விடுவாங்களாம்.

சித்தப்பா கிட்ட வாதாடாதீங்க. எங்க வீட்லயும் ஒருத்தர் இருந்தார்.

கும்பகோணத்துக்காரி:
அண்ணா ரெண்டு பேருக்கும் நன்றி. நேத்து எடுத்தாச்சு. 9 மி.மீ. இருந்த இடத்துல 4 மி.மீ.க்கு ஒரு கருப்புப் புள்ளி. இன்னொண்ணு இதுலயும் தெரியல, ஆபரேஷன்ல அல்ட்ராசவுண்ட் வச்சுத் தேடறேன்னுட்டார்.

முதல் ஸ்கேன் தட்டைத்தான் வீடு பூரா தேடினோம். அம்மா மொட்டை மாடியில வத்தல் காயற இடத்துல, காக்கா வராம இருக்க நூல் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. வெயில்ல சுத்திச் சுத்திப் பளபளன்னு மின்னிட்டிருந்தது, கம்ப்யூட்டர்ல போட்டா ஓடல. நல்லவேளை, ஸ்கேன் சென்டர்ல இன்னும் அழிக்காம வச்சிருந்தாங்க, வேற தட்டுல போட்டுக் கொடுத்துட்டாங்க. போய் வாங்கிட்டு வந்தது சித்தப்பாதான்.