இரண்டு பேரில் யாரை வேலைக்கு எடுப்பது?

தனிக்கடை
சின்னதாக ஒரு ஆன்லைன் விற்பனை நடத்துகிறேன். ஆர்டர், பேக்கிங், போன் எல்லாம் இதுவரை நான்தான், இனி ஒற்றை ஆளாக முடியாது. விளம்பரம் போட்டுப் பேசிப் பார்த்ததில் இரண்டு பேர் மிஞ்சியிருக்கிறார்கள். ஒருவருக்கு இதே துறையில் எட்டு வருட அனுபவம், பேச்சில் கெட்டிக்காரர், அரை மணி நேரத்தில் பழைய நண்பர் மாதிரி ஆகிவிட்டார். இன்னொருவர் புதுசு, கேட்டதற்கு மட்டும்தான் பதில், ஆனால் கிளம்பும்போது "திரும்பி வருகிற சரக்குக்கு எப்படிக் கணக்கு வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். மனசு முதல் ஆளிடம்தான் போகிறது. சம்பளமும் அவர்தான் கூடக் கேட்கிறார். என்ன செய்யலாம்?

ரசீதுக்கட்டு
சம்பளம் கட்டுப்படியானால் அனுபவசாலியை எடுங்கள். உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க உங்களுக்கு நேரம் ஏது?

ஆள்தேடி
எனக்கு அதில் உடன்பாடில்லை. 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எத்தனை வருட அனுபவம் என்பதற்கும் பிறகு வேலையை எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்பதற்கும் இருந்த தொடர்பு 0.18தான், 1 என்றால் முழுப் பொருத்தம். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுகிற இன்டர்வியூவுக்கு 0.51 வந்தது. 2022இல் சாக்கெட்டும் அவருடைய குழுவும் திருத்திப் போட்ட கணக்கில் அது 0.42 ஆகக் குறைந்தது, ஆனாலும் முதலிடம் அதற்குத்தான். நீங்கள் செய்த மாதிரி போகிற போக்கில் பேசிப் பார்ப்பதற்கு அதே 2022 கணக்கில் கிடைத்தது 0.19.

"பழைய நண்பர் மாதிரி" என்பதுதான் எனக்கு இடிக்கிறது. ஒரு குணம் பிடித்துப்போனால் மற்றதெல்லாம் நன்றாகவே தெரியும், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களில் உளவியலாளர் தார்ன்டைக் இதை 1920இலேயே காட்டிவிட்டார்.

முதலில், வேலைக்கு வருகிறவர் மூன்று மாதத்துக்குள் தானாகச் செய்ய வேண்டிய வேலைகளை எழுதுங்கள். அப்புறம் இருவரையும் மறுபடி கூப்பிட்டு அதிலிருந்தே கேளுங்கள். "கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்" என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் அழகாகச் சொல்வார்கள், "கடைசியாக அப்படி ஒருவர் வந்தபோது என்ன செய்தீர்கள், அதற்கு அவர் என்ன சொன்னார்" என்று துருவினால்தான் விஷயம் வெளியே வரும். புதியவருக்கு வேலை அனுபவம் குறைவு, அதனால் வேலைக்கு வெளியே நடந்ததைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். கூடவே தப்பு இருக்கிற ஒரு ஆர்டர் பட்டியலையும் ஒரு புகார் மெயிலையும் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

கூலிக்காரன்
செய்யச் சொல்லுங்கள், ஆனால் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் காசு கொடுங்கள். "டெஸ்ட்" என்று சொல்லி ஓசியில் வேலை வாங்குகிற கூட்டம் நிறைய இருக்கிறது. பழைய முதலாளியிடம் விசாரிப்பதானாலும் வேலைக்கு வருகிறவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், இப்போது வேலை பார்க்கிற இடத்துக்குப் போன் போட்டு அவர் பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள். "ஆள் எப்படி" என்றால் எல்லோரும் நல்லவர் என்பார்கள், "மறுபடி எடுப்பீர்களா" என்றால் பலர் கொஞ்சம் தயங்குவார்கள், அந்தத் தயக்கத்துக்குக் காரணத்தைக் கேளுங்கள்.

தனிக்கடை
பட்டியல் எழுதினேன். பாதிக்கு மேல் ரிட்டர்ன், ஸ்டாக் சரிபார்ப்பு, கூரியர்காரரைத் துரத்துவது. போன் பேசுவது நான் நினைத்ததைவிட ரொம்பக் குறைவு. இருவரையும் கூப்பிடுகிறேன், ஆனால் மதிப்பெண் போடுவதும் நான்தானே, மனசு மறுபடி அங்கேயே போனால்?

ஆள்தேடி
எழுதிக் கொடுத்த விடைகளில் பெயரை மறைத்து, தொழில் தெரிந்த இன்னொருவரிடம் கொடுங்கள். நீங்களும் தனியாகப் போடுங்கள், பேசிக்கொள்வது அதற்குப் பிறகு.

ரசீதுக்கட்டு
சரி, இவ்வளவும் செய்கிறீர்கள் என்றால் சோதனைக் காலம் எத்தனை மாதம், அதில் எதைப் பார்ப்பீர்கள் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். யாரை எடுத்தாலும் அது வேண்டும்.