ஜூபல் எர்லி: பிரிவினையை எதிர்த்த வழக்கறிஞர் தளபதியானது எப்படி?

கேள்வி:
அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி வாசித்து வருகிறேன். வர்ஜீனியாவின் பிராங்க்ளின் மாவட்டத்தில் வழக்கறிஞராக இருந்த ஜூபல் எர்லி, 1861இல் கூடிய மாநில மாநாட்டில், அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிவதற்கு எதிராக வாக்களித்திருக்கிறார். அப்படிப்பட்டவர், பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதியாகி, தோற்ற பின்னும் சாகும்வரை அதன் பக்கமே நின்றது எப்படி என்று யாரேனும் விளக்க முடியுமா?

பதில் 1:
அந்த வாக்கை அடிமைமுறைக்கு எதிரான வாக்காகக் கொள்ளக் கூடாது, நண்பரே. ஒன்றியம் உடையக் கூடாது என்று வாதாடினாரே தவிர, அடிமைமுறை நியாயமானது என்னும் எண்ணத்தை அவர் ஒருபோதும் கைவிடவில்லை. தெற்கின் தாக்குதலில் ஒன்றியத்தின் சம்டர் கோட்டை வீழ்ந்ததும் லிங்கன் 75,000 பேரைப் படைக்கு அழைத்தார்; வர்ஜீனியா பிரிந்தது; 1837இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறியிருந்த எர்லி தம் மாநிலத்தின் பக்கம் சேர்ந்துகொண்டார்.

பதில் 2:
போர்க்களத்தில் அவருடைய உச்சம் 1864 ஜூலை. மேரிலாந்தின் மொனாக்கசியில் வென்று வாஷிங்டனின் வாசல்வரை வந்துவிட்டார். தலைநகரைக் காத்த ஸ்டீவன்ஸ் கோட்டையின் மதில்மேல் நின்று லிங்கனே சண்டையைப் பார்த்துக்கொண்டிருக்க, அருகில் நின்ற ராணுவ மருத்துவர் ஒருவர் குண்டடி பட்டார். ஆனால் வடக்கின் துணைப்படை வந்து சேர்ந்துவிட்டதால் எர்லி பின்வாங்கினார். அதே மாத இறுதியில், தங்கமாக ஒரு லட்சம் டாலர் அல்லது பணத்தாளாக ஐந்து லட்சம் தர வேண்டும் என்று கேட்டு, கிடைக்காததால் பென்சில்வேனியாவின் சேம்பர்ஸ்பர்க் நகரைக் கொளுத்தியது அவர் அனுப்பிய குதிரைப்படை. ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில் வடக்கின் படை எரித்த வீடுகளுக்கு அது பதிலடி என்றார். வீடிழந்த குடிமக்களுக்கு அந்த விளக்கம் எப்படிப் போதும்? அக்டோபரில் சீடர் கிரீக்கில் விடியற்காலையில் பெற்ற வெற்றியை, வடக்கின் தளபதி ஷெரிடனிடம் மாலைக்குள் இழந்தார்.

பதில் 3:
கேள்வியின் பின்பாதிதான் முக்கியம் என்பது என் கருத்து. சரணடைய மனமின்றி மெக்சிகோ, கியூபா வழியாகக் கனடா சென்ற எர்லி, 1869இல் லிஞ்ச்பர்க் திரும்பி மீண்டும் வழக்கறிஞரானார். 1872இல் தெற்கின் தளபதி ராபர்ட் லீயின் பிறந்தநாளன்று ஆற்றிய உரையிலும், 1873 முதல் தென்மாநில வரலாற்றுச் சங்கத்தின் தலைவராகவும், லீ தவறே செய்யாதவர், ஆள்பலத்தால் மட்டுமே வடக்கு வென்றது என்று விடாமல் வாதாடினார். போருக்கு வேராக இருந்த அடிமைமுறையை இந்த வாதம் மூடிமறைத்தது. அதுதான் அவர் செய்த பெருங்கேடு. 1863இல் கெட்டிஸ்பர்க் போரில் தெற்கு கண்ட தோல்விக்கான பழியை, போருக்குப் பின் லிங்கனின் குடியரசுக் கட்சியில் சேர்ந்த தென்தளபதி லாங்ஸ்ட்ரீட்மேல் சுமத்தினார். ஆனால் அந்தச் சண்டையின் முதல்நாள் மாலையில் கல்லறைக் குன்றைக் கைப்பற்றாமல் விட்ட படைப்பிரிவில் எர்லியும் இருந்தார்.