கார்ட் எல்லாம் சரிதான், ஆனா டைப் அடிக்கிற மாதிரி கேக்குது

வெள்ளைக்கீ52:
88 கீ வெயிட்டட் (நிஜ பியானோ மாதிரி கனமான கீ) டிஜிட்டல் பியானோ. வாசிக்கிற கார்ட் (சேர்த்து அமுக்குற நோட்டுகள்): சி – ஏ மைனர் – எஃப் – ஜி, ஒவ்வொரு கார்டும் 4 பீட், டெம்போ நிமிஷத்துக்கு 66 பீட். வலது கையில மூணு நோட், எல்லாமே ரூட் பொசிஷன், அதாவது கார்டோட பேர் நோட்டே (ரூட்) அடியில. இடது கையில அதே கார்ட், ரெண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழ. நோட் தப்பு வரலை, மெட்ரோனோமை (தாளம் தட்டுற கருவி) விட்டு விலகவும் இல்லை. ஆனா ரெக்கார்ட் பண்ணிக் கேட்டா உயிரே இல்லை. கீழ்ப்பக்கம் கொழகொழன்னு இருக்கு, கார்ட் மாறுற இடத்துல ஒரு ஓட்டை விழுது. பெடல் வேற சில நாள் ஒழுங்கா இருக்கு, சில நாள் மிதிச்சா ஒலி வெட்டுது, காலை எடுத்தா எல்லாம் கலந்து வழியுது. டச் செட்டிங் (அமுக்குற பலத்துக்கு ஒலி மாறுற அளவு) மீடியம். எதுல இருந்து ஆரம்பிக்கணும்?

நடு_சி:
பெடல்ல இருந்து. அது உங்க கால் தப்பு இல்லை, போலாரிட்டி. நிறைய டிஜிட்டல் பியானோ ஆன் ஆகுற நொடியில பெடல் எந்த நிலையில இருக்கோ அதையே "மிதிக்காத நிலை"ன்னு எடுத்துக்கும். ஆன் பண்றப்போ கால் பெடல் மேல இருந்திருந்தா அன்னிக்கு முழுக்கத் தலைகீழ்தான். ஆஃப் பண்ணுங்க, பெடல் பின்னைச் சொருகுங்க, காலை எடுத்துட்டு ஆன் பண்ணுங்க. அப்பவும் தலைகீழா இருந்தா பெடலோட அடியில சின்ன சுவிட்ச் இருக்கான்னு பாருங்க.

அடுத்தது இடது கை. மிடில் சி-க்கு (கீபோர்டு நடுவுல இருக்கிற சி) ஒரு ஆக்டேவ் கீழ இருக்கிற சி-யை எல்லைக்கோடா வைங்க. அதுக்குக் கீழ சி-யும் ஈ-யும் சேர்த்து அமுக்கினா ரெண்டோட மேல்சுரங்களும் நெருக்கமா மோதி உறுமும். கொழகொழப்பு அங்கேருந்துதான் வருது. அந்தப் பகுதியில மூணு நோட் கார்டே வேண்டாம். ரூட் மட்டும், இல்லைன்னா ரூட்டும் அதோட அஞ்சாவது நோட்டும், இல்லைன்னா ஆக்டேவ். ஈ-யை வலது கை பார்த்துக்கும்.

ஓட்டைக்குக் காரணம் ரூட் பொசிஷன். ஒவ்வொரு மாத்தலுக்கும் கை மொத்தமா எகிறிக் குதிக்குது. இப்படி மாத்துங்க, கீழிருந்து மேலா எழுதறேன்:

சி: சி ஈ ஜி (விரல் 1-3-5; கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5)
ஏ மைனர்: சி ஈ ஏ (1-2-5)
எஃப்: சி எஃப் ஏ (1-3-5)
ஜி: பி டி ஜி (1-2-5)

முதல் மாத்தல்ல ஜி மட்டும் ஏ-க்கு ஏறுது. ரெண்டாவதுல ஈ மட்டும் எஃப்-க்கு. மூணாவதுலதான் மூணு விரலும் நகரும், அப்பவும் கை இறங்க, இடது கையோட பேஸ் (அடி நோட்) எஃப்-லேருந்து ஜி-க்கு ஏறட்டும். மாறாத நோட்டை முதல்ல பெடல் இல்லாம விரலாலேயே பிடிச்சுட்டு இருங்க.

கறுப்புக்கீ36:
மேல சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. மூணு விரலும் ஒரே பலத்துல இறங்கினா காது எதைப் பின்தொடரும்? இப்போ உங்க மேல் நோட் வரிசை ஜி – ஏ – ஏ – ஜி. சி-யை ஸட்ஜமா வெச்சா ப த த ப. வாயால பாடுங்க, அதுதான் மெட்டு. மத்த ரெண்டு நோட்டும் அதுக்குப் பின்பாட்டு.

பயிற்சி, மெட்ரோனோம் 60:
சி-யையும் ஈ-யையும் ஒலி வராதபடி மெதுவா அமுக்கிப் பிடிங்க. சுண்டுவிரலால ஜி-யை மட்டும் நாலு தடவை, பாடுற குரல் மாதிரி. அடுத்து ஜி-யைப் பிடிச்சுட்டு, சி-யும் ஈ-யும் சூடான தோசைக்கல்லைத் தொட்டு எடுக்கிற மாதிரி, சன்னமா. மூணாவதுதான் எல்லாம் சேர்ந்து. ஒரு கார்டுக்கு ரெண்டு நிமிஷம் போதும், நாலு கார்டும் முடிக்க எட்டு நிமிஷம். சுண்டுவிரல் நொடிஞ்சு படுத்தா உடனே நிறுத்துங்க. கையை வெளிப்பக்கம் கொஞ்சமா சாய்ச்சா முன்கையோட எடை தானா அந்த விரலுக்கு வரும், அமுக்கவே வேண்டாம். ஒலி வந்தப்புறம் கீயை அடியில போட்டு நசுக்குறது வீண் வேலை, மணிக்கட்டுதான் வலிக்கும்.

வெள்ளைக்கீ52:
போலாரிட்டியேதான்! ஆன் பண்றப்போ கால் பெடல் மேலதான் இருந்திருக்கு. இன்வர்ஷன், அதாவது கார்டோட நோட் அடுக்கு, மாத்தினதும் ஓட்டையும் போச்சு. ரெண்டு சந்தேகம். மேல் நோட்டை எடுப்பா வாசிச்சா அது மத்ததுக்கு முன்னாடி விழுது. அப்புறம், பெடல் ஒழுங்கானாலும் எஃப்-லேருந்து ஜி போறப்போ பழைய ஒலி ஒட்டிக்கிட்டே வருது.

கறுப்புக்கீ36:
கொஞ்சம் முந்துறது இயல்பு. வேகமா இறங்குற கீயோட சுத்தியல் முன்னாடி போய்ச் சேரும், நிஜ பியானோவுல 20–30 மில்லிசெகண்ட் வித்தியாசம் சாதாரணம். 50-ஐத் தாண்டினாத்தான் உடைஞ்ச மாதிரி கேக்கும். யூஎஸ்பி வழியா கம்ப்யூட்டர்ல மிடி ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க, ஒவ்வொரு கீயையும் எவ்வளவு பலத்துல அமுக்கினீங்கன்னு அது எண்ணா காட்டும். அதிகபட்சம் 127. அதுல மேல் நோட் 75–80, நடுவுல இருக்கிறது 50 பக்கம், பேஸ் 60 இருக்கட்டும். மேல் நோட் 110 காட்டினா நீங்க குத்துறீங்க, அதான் முந்துது. மேல் நோட்டைக் கூட்டாதீங்க, மத்ததைக் குறைங்க.

நடு_சி:
பெடலை கார்டுக்கு முன்னாடியும் தூக்கக்கூடாது, கார்டோட சேர்த்தும் மிதிக்கக்கூடாது. கை கீழ போற அதே நொடியில கால் மேல வரணும். புது கார்டு தெளிவா காதுல விழுந்த பிறகு மறுபடி மிதிக்கணும். கார்டை ஓரமா வெச்சுட்டு, ஒரே விரல்ல சி, டி, ஈ வாசிங்க: ஒண்ணாவது பீட்டுல கை இறங்க, கால் ஏற. ரெண்டாவது பீட்டுல கால் இறங்க. மூணு, நாலு காத்திருக்கணும். குதிகால் தரையை விட்டு எழும்பவே கூடாது. பழகினதும் ரெண்டாவது பீட் வரைக்கும் காத்திருக்காம, கை இறங்கி அரை பீட்டுலேயே காலை இறக்குங்க. பேஸ் கீயைச் சட்டுன்னு விட்டா அந்த ஒலியைப் பிடிக்கக் கால் அவசரமா இறங்கிடும், அதுவும் ஒரு காரணம். கால் மறுபடி இறங்குற வரைக்கும் அந்த விரல் கீயிலேயே இருக்கணும்.

வெள்ளைக்கீ52:
செஞ்சு பார்த்தேன், ஒட்டல் இல்லை. இப்போ சுத்தமா இருக்கு, ஆனா நாலு கார்டும் ஒரே மாதிரி நிக்குது. கார்டை உருட்டி (நோட்டை ஒண்ணு பின்னாடி ஒண்ணா) வாசிச்சா உணர்ச்சி வருமா?

நடு_சி:
எட்டு பாருக்கு (இங்க ஒரு பார் நாலு பீட்) ஒரு தடவை உருட்டினா அழகு. எல்லாத்தையும் உருட்டினா அது வியாதி. உருட்டும்போது மேல் நோட்தான் பீட்டுல விழணும், கீழ் நோட் அதுக்கு முன்னாடியே கிளம்பிடணும்.

கறுப்புக்கீ36:
உருட்டுறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. எஃப்-ல கட்டைவிரல் சி-யில இருக்கு. ஜி வரும்போது அந்த விரலை நகர்த்தாதீங்க, முதல் ரெண்டு பீட் சி டி ஜி, அடுத்த ரெண்டு பீட் பி டி ஜி. சஸ் ஃபோர்னு சொல்றது இதைத்தான். டி மேல உரசிட்டு நிக்கிற அந்த சி-யில ஒரு சொட்டு கூடுதல் எடை, பி-க்கு இறங்கும்போது மூச்சு விடுற மாதிரி சன்னம். மேல் நோட் ஜி ரெண்டு தடவை அடிக்க வேண்டாம், பிடிச்சபடியே கட்டைவிரல் மட்டும் நகரட்டும். சி-லேருந்து எஃப் வரைக்கும் துளித்துளியா ஏத்தி, அந்த உரசல்ல உச்சம், திரும்ப சி வரும்போது எல்லாத்தையும் விட சன்னமா.

வெள்ளைக்கீ52:
பெடலை அந்த சி-லேருந்து பி-க்கு போறப்போவும் மாத்தணுமா?

கறுப்புக்கீ36:
கட்டாயம். இல்லைன்னா சி-யும் பி-யும் சேர்ந்து கேக்கும், இறங்கின சுகமே தெரியாது. உங்களோடது ஆன்/ஆஃப் பெடல், பாதி மிதிக்கிற வேலை அதுல நடக்காது, முழுசாவே தூக்கி மிதிங்க. ஒண்ணு கவனம்: கால் ஏறுற நொடியில டி-யும் ஜி-யும் பேஸும் விரல்ல பிடிச்சிருக்கணும், இல்லைன்னா பழைய ஓட்டை திரும்ப வந்துடும்.