சின்ன கார், முதல் பனிக்காலம்: பிரேக் மிதித்தும் நிற்கவில்லை, கோளாறு எங்கே?

திருச்சிக்காரன்
வணக்கம். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன், கனடாவில் இது முதல் குளிர்காலம். ஊரில் எட்டு வருடம் கார் ஓட்டியவன், அதனால் ஓட்டுவதில் பிரச்சினை வராது என்றுதான் நினைத்திருந்தேன்.

கார் 2012 டொயோட்டா யாரிஸ், ஆட்டோமேட்டிக். செப்டம்பரில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நேற்றுக் காலை -8 டிகிரி, இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன இறக்கம், அடியில் ஸ்டாப் சைன். 30க்கும் குறைவாகத்தான் வந்தேன். பிரேக்கை மிதித்ததும் பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதறியது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்தேன். மறுபடி மிதித்தேன், மறுபடி உதறல். ஸ்டீயரிங்கை வலது பக்கம் முழுக்க ஒடித்தேன். கார் சட்டையே செய்யாமல் நேராகப் போய் நடுச்சந்தியில் நின்றது. நல்லவேளை, யாரும் வரவில்லை.

டயர் ஆல் சீசன், அதாவது எல்லாப் பருவத்துக்கும் என்று விற்பது. விற்றவர் "இதிலேயே மூன்று குளிர்காலம் ஓட்டினேன், போதும்" என்றார். மாமா ஒருவர் இந்தத் தகர டப்பாவைத் தள்ளிவிட்டு எஸ்யுவி வாங்கச் சொல்கிறார். அதற்குப் பணம் இல்லை. கோளாறு பிரேக்கிலா, டயரிலா, என்னிடமா? ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு நாள் வடக்கே இருக்கும் பாரி நகரத்துக்கு வேலைக்குப் போகவேண்டும்.

பழைய ஸ்கார்பரோ
தம்பி, பயப்படாதேங்கோ. பெடல் உதறியது ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக்கைத் தானே விட்டு விட்டுப் பிடிக்கிற அமைப்பு. பிரேக் பழுதில்லை, நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். நீங்கள் காலை எடுத்ததுதான் பிழை. உதறினாலும் அழுத்தினபடியே இருக்கவேணும். விட்டு விட்டு மிதிப்பது ஏபிஎஸ் இல்லாத பழைய கார்களுக்கு.

ஸ்டீயரிங்கும் அப்படித்தான். முன்ரயர் வழுக்கும்போது இன்னும் ஒடித்தால் அது பக்கவாட்டில் பனியைத் தள்ளிக்கொண்டு நேரேதான் போகும். கொஞ்சம் நேராக்கினால் ரயர் திரும்பவும் பிடிக்கும், பிறகு மெல்லத் திருப்புங்கோ. எல்லாவற்றுக்கும் முதல் ரயரைப் பாருங்கோ. ஆல் சீசன் என்பது பெயரில் மட்டும்தான். 7 டிகிரிக்குக் கீழே அந்த ரப்பர் இறுகிவிடும்.

சும்மா ஒருவன்
வின்டர் டயர் இரண்டு போதும், முன்சக்கரம்தானே இழுக்கிறது? அதை முன்னால் போடுங்கள். காற்றையும் கொஞ்சம் குறைத்தால் பிடிப்பு கூடும். நான் அப்படித்தான்.

கராஜ் கை
மேலே சொன்ன இரண்டையும் செய்யாதீர்கள். முன்னால் மட்டும் நல்ல டயர் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் வால் சுழன்று கார் திரும்பி நிற்கும். போட்டால் நான்கும் போடுங்கள். காற்று, கதவோர ஸ்டிக்கரில் என்ன எண்ணோ அதுதான். குளிரில் அது தானாகவே குறையும், ஏறத்தாழ 5, 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு).

டயரின் பக்கச் சுவரில் மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் உள்ள சின்னம் இருக்கிறதா? கடும் பனிக்கு ஏற்ற டயர் என்பதற்கு அதுதான் அடையாளம். சேறு, பனி என்பதைக் குறிக்கும் எம், எஸ் எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. டயர் பள்ளத்தின் ஆழத்தையும் அளந்து எழுதுங்கள். 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனியில் உதவாது.

எஸ்யுவி விஷயம்: நாலு சக்கர இழுவை கிளம்புவதற்குத்தான் உதவும், நிறுத்துவதற்கு இல்லை. ஆல் சீசன் போட்ட பெரிய வண்டியும் அந்த இறக்கத்தில் அப்படித்தான் போயிருக்கும், கூடுதல் எடையோடு. பனிக்குள் வெட்டி இறங்க உங்கள் ஒடுங்கிய டயரே நல்லது. சின்ன காரின் உண்மையான குறை அடிப்பகுதி தாழ்வாக இருப்பதுதான்.

மொன்ட்ரியால் அக்கா
எங்கள் க்யூபெக்கில் இந்தக் கேள்வியே எழாது. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இங்கே பதிவான கார்களுக்கு வின்டர் டயர் கட்டாயம், இல்லையென்றால் அபராதம். உங்கள் தெற்கு ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் 2016இலிருந்து இன்ஷூரன்ஸில் தள்ளுபடி தரவேண்டும் என்று விதி. கேட்டால்தான் தருவார்கள், கேளுங்கள் தம்பி.

திருச்சிக்காரன்
அளந்தேன். முன் டயர்கள் 3 மில்லிமீட்டர், பின்னால் 5. சிகரச் சின்னம் இல்லை. காற்று 32 இருக்கவேண்டிய இடத்தில் 27. விற்றவரைத் திட்டவும் மனமில்லை, நான்தான் பார்க்காமல் வாங்கினேன்.

175/65ஆர்15 அளவில் ஒருவர் இரும்பு ரிம்மோடு நான்கு வின்டர் டயர் விற்கிறார். பழசு வாங்கலாமா?

கராஜ் கை
வாங்கலாம், வயதைப் பார்த்து. பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்கள்: 3821 என்றால் 2021ஆம் ஆண்டின் 38வது வாரம். ஆழம் நன்றாக இருந்தாலும் பத்து வருடப் பழசு வேண்டாம், ரப்பர் செத்திருக்கும். ரிம்மோடு கிடைப்பது லாபம், வசந்தத்தில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை இன்னொரு முறை இறுக்குங்கள்.

திருச்சிக்காரன்
வாங்கிப் போட்டாயிற்று. ஞாயிறு காலை காலியான பார்க்கிங் இடம் ஒன்றில் போய் 30இல் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். உதறல் வந்தது, காலை எடுக்கவில்லை, நேராக நின்றது. சிரிப்பாக வந்தது.

அப்புறம் வீட்டுக்கு வந்தால், பனி அள்ளும் வண்டி டிரைவ்வே வாயில் முழங்கால் உயரத்துக்குக் கட்டியாகக் குவித்து வைத்திருந்தது. வேகமாக ஏறிவிடலாம் என்று போனதில் காரின் வயிறு குவியலில் மாட்டிக்கொண்டது. ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுற்றிப் பள்ளம்தான் ஆழமானது.

பழைய ஸ்கார்பரோ
முப்பது வருடத்தில் நான் எத்தனை தரம் மாட்டியிருப்பேன்! அந்தக் குவியல் மெத்தென்ற பனியில்லை தம்பி, இறுகின கட்டி. மண்வெட்டியால் வெட்டாமல் ஏறக்கூடாது.

மாட்டிக்கொண்டால் சுற்றவிடாதேங்கோ, அடியில் பனி உருகி ஐஸாகும். முதல் சைலன்சர் வாயை அடைத்த பனியைத் தோண்டுங்கோ, இல்லாவிட்டால் புகை உள்ளே வரும், அது உயிரை எடுக்கும். பிறகு வயிற்றுக்குக் கீழேயும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அள்ளி, மண்ணோ, வீட்டுப் பூனை மலம் கழிக்கத் தொட்டியில் போடும் மணலோ தூவுங்கோ. சக்கரம் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கிற ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை நிறுத்தும் பட்டன் இருந்தால் அமர்த்தி, மெல்ல முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டி எடுங்கோ. வெளியே வந்ததும் திரும்பவும் போட மறக்கவேண்டாம். என் ட்ரங்கில் ஒரு பை மணலும் சின்ன மண்வெட்டியும் ஏப்ரல் வரை கிடக்கும். மனைவி பூனை எங்கே என்று கேட்பா.

லாரி மாமா
பாரிக்கு 400ஆம் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு ஒரு சொல். ஜார்ஜியன் விரிகுடாப் பக்கமிருந்து காற்று அடித்தால் பனி பட்டை பட்டையாக வரும். டொராண்டோவில் வெயில் அடிக்கும், பாரியை நெருங்கும்போது முன்னால் இருக்கும் லாரியின் விளக்கே தெரியாது. வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் குரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். பாலங்கள் மேல் கால் இலேசாக, அவை சாலைக்கு முன்பே உறையும். நீல விளக்கு சுழலும் பனி வண்டியை முந்தாதீர்கள், அதற்குப் பின்னால் இருப்பதுதான் நல்ல சாலை. வைப்பர் தண்ணீர் -40 வரை உறையாததை ஊற்றுங்கள், கூரைப் பனியை முழுக்கத் தள்ளிவிட்டுக் கிளம்புங்கள். பிரேக் போட்டால் அது சரிந்து உங்கள் கண்ணாடியையே மூடும்.

திருச்சிக்காரன்
நாளைதான் முதல் நாள். சாலை நிலவரம் சொல்லும் ஒன்டாரியோ 511இல் பார்த்தேன், பாரிக்குத் தெற்கே ஸ்குவால், அதாவது திடீர்ப் பனிச்சூறை எச்சரிக்கை. காலை ஐந்தரைக்கே கிளம்பி மெதுவாகப் போகலாமா?

லாரி மாமா
நான் அந்தப் பாதையில் வருடக்கணக்காக ஓட்டுகிறவன். நாளைக்கு என் லோடையே மதியத்துக்குத் தள்ளிவிட்டேன்.

திருச்சிக்காரன்
மேனேஜருக்கு மெசேஜ் போட்டேன். "நானும் வீட்டிலிருந்துதான் வேலை, வராதே" என்று பதில் வந்தது. டயர் மாற்றின பெருமையைக் காட்ட நாள் தள்ளிப்போகிறது.